கூத்துக்கூடத்தின் கணக்கு நோட்டு

ஆம்பூரில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்னக் கூடம் நடத்துகிறோம். அதற்குக் கணக்கு எழுதுவது நான். பழைய தோல் கிடங்கு ஒன்றின் மாடி அது. மழைக்காலத்தில் தரை இன்னும் தோல் வாசனை அடிக்கும். சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குக் கூத்து அடவும் பறையும் சொல்லித் தருகிறோம். புதன்கிழமை, ஷூ கம்பெனி பஸ்களெல்லாம் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, ஏழு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வருவார்கள். ஒரு மணி நேரம். பாட்டு, அடவு, சில நாள் வெறும் பேச்சு. வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் விழா. அவ்வளவுதான் எங்கள் கூடம்.

வரவுப் பக்கம் எளிமையானது. மாதம் நூறு ரூபாய் சந்தா கொடுக்கிறவர்கள்தான் எங்கள் பலம். பெரும்பாலும் கம்பெனிக்குப் போகிறவர்கள். அப்பர் தைப்பவர்கள், பேக்கிங்கில் இருப்பவர்கள், சூப்பர்வைசர்கள் சிலர். செலவுப் பக்கத்தில் வாடகை, கரண்ட் பில், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றிய கூலி, செய்யாறு பக்கத்திலிருந்து வரும் வாத்தியாருக்கு பஸ் செலவும் சாப்பாடும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் விதித்த இறக்குமதி வரி 50 சதவீதம் ஆனது. அந்தச் செய்தி எங்கள் நோட்டுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. “ஓ.டி. நிறுத்திட்டாங்கக்கா, அடுத்த மாசம் சேத்துத் தரேன்” என்று ஆரம்பித்தது. அடுத்த மாதம் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்று மாத வாடகை பாக்கி. கட்டட உரிமையாளர் நல்ல மனிதர். “பாத்துக் குடும்மா” என்பார். அவர் அப்படிச் சொல்வதுதான் எனக்குக் கடன்காரன் அதட்டலைவிடப் பாரமாக இருந்தது.

கூட்டம் போட்டோம். மூடலாமா, வேண்டாமா? எங்களில் மூத்தவர் சொன்னார்: “காஞ்சிபுரத்துலயே குருகுலத்த மூடிட்டாங்க. வெளிநாடெல்லாம் போய்ப் பேர் வாங்குனவங்க. நாமல்லாம் எம்மாத்திரம்?” யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில். கூத்தைப் பற்றி நாம் எழுதிவரும் விதத்தோடு எனக்கிருக்கும் சண்டையும் இதில் சேர்ந்துகொள்கிறது.

*

முதலில் அவர் சொன்ன குருகுலத்தைப் பார்ப்போம்.

கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கப்பட்டது. தொழில்முறைக் கூத்துக் கலைஞர்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்துக்கொண்ட சங்கம். முன்னால் நின்றவர் பெ. ராஜகோபால். திருவண்ணாமலை மாவட்டத்துப் பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக் குடும்பம். பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு வேஷம் கட்ட வந்தவர். அவருடன் ஹன்னே டி புருய்ன், கட்டைக்கூத்தை ஆய்வு செய்ய நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ‘தெருக்கூத்து’ என்ற பெயரில் ஒட்டியிருக்கும் ஏளனத்தை மறுத்து, தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டும் மர அணிகளின் பெயரால் ‘கட்டைக்கூத்து’ என்றே சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தியவர்கள் இவர்கள்தான்.

2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் படித்து, கூத்தும் கற்றார்கள். ராஜகோபாலின் சொந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த யோசனை இது. ஜமாவில் சேர்ந்தால் படிப்பு போகும், படித்தால் கூத்து போகும் என்ற நிலைமையை அவர் தன் உடம்பில் அனுபவித்தவர். அந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த பள்ளி பதினெட்டு வருஷம் நடந்தது. 2020இல் மூடப்பட்டது. சங்கம் இருக்கிறது, கூத்து நடக்கிறது, குருகுலம் மட்டும் இல்லை.

இந்தச் செய்தியை நாம் எப்படி எழுதினோம்? ‘அழிந்துவரும் கலை’, ‘கடைசி மூச்சு’, ‘காப்பாற்றப்பட வேண்டிய பாரம்பரியம்’. கூத்து பற்றி வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த மூன்று சொற்களைக் கொண்டு எழுதிவிடலாம். நானும் எழுதியிருக்கிறேன். கல்லூரி மலரில் வந்த என் முதல் கட்டுரையே ஓர் ஒப்பாரிதான். படித்தவர்கள் கண்கலங்கியதாகச் சொன்னார்கள். யாரும் எந்த ஜமாவுக்கும் அச்சாரம் கொடுக்கவில்லை.

இந்த ஒப்பாரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, அது பொய். பங்குனி தொடங்கி மாதக்கணக்கில் வட தமிழ்நாட்டில் பாரதக் கூத்து நடந்துகொண்டேயிருக்கிறது. திரௌபதி அம்மன் கோவிலில் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசியில் படுகளம், தீமிதி. கருமாதி வீடுகளில் கர்ண மோட்சம் வைக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஜமா வாத்தியார்களிடம் போய் “உங்க கலை அழிஞ்சிக்கினு இருக்குதாமே” என்று கேட்டால், “நாளைக்கு எங்க ஆட்டம்னு நோட்டப் பாத்து சொல்றேன் இரு” என்பார்கள்.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. ஒரு கலையை அழியப்போகும் பொருளாகச் சொன்னால், அதற்கு வரும் காசும் அந்தச் சொல்லுக்கேற்றபடிதான் வரும். ஆவணப்படம் எடுக்கக் காசு வரும். விழா நடத்தக் காசு வரும். காணாமல்போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைக்குக் காசு வரும். சமையல்காரம்மாவின் சம்பளத்துக்கு வராது. அரிசிக்கு வராது. கக்கூஸ் கதவு உடைந்தால் அதைச் சரிசெய்ய வராது. தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றைப் பதினெட்டு வருஷம் நடத்துவது என்றால் பதினெட்டு வருஷம் தினமும் மூன்று வேளை உலை வைப்பது என்று அர்த்தம். நம் கட்டுரைகளில் எதிலாவது அந்த உலை இருக்கிறதா?

*

விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கராக வேலை பார்த்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பேட்டிகளில் அதைக் கேட்டு ரசிக்கிறோம். அங்கே உட்கார்ந்து நடிப்பைக் கவனித்தார் என்பதில்தான் நமக்கு ஆர்வம். அவர் எழுதிய கணக்கில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கியது கூத்துப்பட்டறை. புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து நவீன நாடகம் கற்றுக்கொள்ள முடியும் என்று நம்பிய இயக்கம். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு ஃபவுண்டேஷனின் நல்கை கிடைத்ததும், நடிகர்களை முழுநேரச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. தமிழில் அது பெரிய விஷயம். நடிகர் என்பவர் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒத்திகைக்கு வருகிறவர் என்ற நிலைமை கொஞ்ச காலத்துக்கேனும் மாறியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல் என்று அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர்களின் வரிசை நீளமானது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த செலவு பட்டறையின் நோட்டில் விழுந்தது. பலனில் பெரும்பங்கு சினிமாவுக்குப் போனது. இதில் யார்மேலும் குற்றம் இல்லை. நல்கை எதுவும் முடிவுத் தேதியோடுதான் வரும், பயிற்சிக்கு முடிவுத் தேதி கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் ஒவ்வொரு கூடமும் விழுகிறது.

1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் கணக்கை எடுத்துவைத்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் சொன்னதை நம் ஊருக்கு இப்படிச் சொல்லலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்புத் தைக்க ஆன நேரமும் இன்றைக்கு ஆம்பூர் கம்பெனியில் ஆகும் நேரமும் ஒன்றல்ல. மெஷின் வந்துவிட்டது. அதனால் கம்பெனி கூலியை ஓரளவு ஏற்றிக் கொடுத்தாலும் தாங்கும். திரௌபதி துகிலுரிதல் ஆட அன்றைக்கும் விடிய விடிய ஆனது, இன்றைக்கும் விடிய விடிய ஆகிறது. துரியோதனன் ஒருத்தன் வேண்டும், துச்சாதனன் ஒருத்தன் வேண்டும், கட்டியங்காரன் வேண்டும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆளைக் குறைக்க முடியாது, ஆட்டத்தையும் வேகமாக ஓட்ட முடியாது. ஆனால் அந்த ஆட்களும் இன்றைய விலைக்குத்தான் அரிசி வாங்க வேண்டும். ஆகவே கலைக்கூடத்தின் வரவுக்கும் செலவுக்கும் நடுவில் துண்டு விழுவது நிர்வாகத் திறமை இல்லாததால் அல்ல. அந்தத் தொழிலின் இயல்பே அது. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

*

அப்படியானால் கிராமத்து ஜமா மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அங்கே துண்டு விழவில்லையா?

விழுகிறது. அதை ஊர் ஏற்றுக்கொள்கிறது. தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு வசூலித்து, அதில் ஒரு பங்கை ஜமாவுக்குக் கொடுக்கிறது. அம்மனுக்குச் செய்ய வேண்டியது என்பதால் கேள்வி இல்லை. மழை தவறினால் நாளைக் குறைப்பார்கள், அடியோடு நிறுத்துவது அரிது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது, சரியாகக் கூத்துப் பருவம் தொடங்கும் நேரம். அந்த வருஷப் பருவம் போனது, அடுத்த வருஷமும் பாதிதான். கலைஞர்கள் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். கோவில் கதவு திறந்ததும் அச்சாரம் திரும்ப வந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் சிலர், “பாத்தீங்களா, கலை மக்கள்கிட்ட இருந்தா போதும், நிறுவனமெல்லாம் எதுக்கு?” என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் மூத்தவருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஊர் எதற்குக் காசு கொடுக்கிறது என்று பாருங்கள். தனக்கு ஏற்கெனவே பழக்கமான கூத்துக்குக் கொடுக்கிறது. அந்தக் கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுவது ஆண். விடிய விடிய ஆடி, காலையில் வேனில் அடுத்த ஊர் போகும் ஜமாவில் பெண் பிள்ளைக்கு இடம் கிடையாது. புஞ்சரசந்தாங்கல் குருகுலத்தில் இருந்தது. அங்கே பையன்களோடு பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள், கட்டை கட்டினார்கள், மேடையேறி ஆண் வேஷமும் ஆடினார்கள். இதற்கு எந்த ஊரும் தலைக்கட்டு வரி போட்டிருக்காது. அதை நடத்த ஒரு நிறுவனம், லாபம் பார்க்காத ஒரு நோட்டு, தேவைப்பட்டது.

ஆகவே குருகுலம் மூடியபோது கூத்து சாகவில்லை. அந்த வகையில் ஒப்பாரி வைத்தவர்கள் தப்பு. ‘கூத்துதான் சாகவில்லையே’ என்று ஆறுதல் சொன்னவர்களும் தப்பு. கூத்துக்குள் பெண் பிள்ளை நுழைந்த வாசல் குறுகிப்போனது. கற்றுக்கொண்டு வெளியே வந்த பெண்கள் இருக்கிறார்கள். அடுத்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நெருக்கடி வந்தால் மரபு தாக்குப்பிடித்துவிடும். மரபுக்குள் கொண்டுவந்த மாற்றம்தான் முதலில் உதிரும். கூடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இழப்பைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

*

சரி, யாரிடம் கேட்பது? எங்கள் ஊரில் காசு இல்லாமல் இல்லை. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல். தோல் வணிகம் செய்த குடும்பங்களின் கொடை இந்தப் பாலாற்றுக் கரையில் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. ஆம்பூரில் முஷாயிராவுக்கு விடிய விடிய கூட்டம் உட்காரும் மரபும் உண்டு. கொடுக்கிற கை இருந்த ஊர்தான். கல்விக்குக் கொடுத்தபோது நிலமாக, கட்டடமாக, அழியாத முதலாகக் கொடுத்தார்கள். கலைக்குக் கொடுக்கும்போது ஒரு ராத்திரிக்கு மட்டும் கொடுத்தார்கள். ஷாமியானா பிரித்ததும் முடிந்தது.

இன்னொரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. 1996 ஆகஸ்ட் 28இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளில் அது ஒன்று. டேனரித் தண்ணீரால் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் ஆன சேதம்தான் வழக்கு. அந்தக் காசில் எங்கள் மேடை போடலாமா என்று எங்களுக்குள் வருஷா வருஷம் சண்டை வரும். நான் இப்போது வந்து சேர்ந்திருக்கும் இடம் இது: வாங்கலாம், பேனர் மாட்டக் கூடாது. பாலாற்றைப் பற்றிப் பிள்ளைகள் பாட்டுக் கட்டினால் அதை நிறுத்தச் சொல்லும் காசு என்றால் வேண்டாம்.

கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு இன்னொரு வழி. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பாரம்பரியக் கலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன். லாபத்தில் சதவீதம் என்றால், ஏற்றுமதி விழும்போது அதுவும் விழும். சந்தா கொடுக்கும் தொழிலாளியின் ஓ.டி.யும் அப்போதுதான் நிற்கும். எங்கள் ஊரில் எல்லாக் காசும் ஒரே தோலிலிருந்துதான் உரித்து எடுக்கப்படுகிறது. ஒரு பக்கம் வற்றினால் இன்னொரு பக்கம் ஊறும் என்ற கதையே இல்லை.

வெளிநாட்டு நல்கை பற்றியும் கேட்டார்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்கு ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றது. சின்னக் கூடங்களுக்குக் காசு அப்படித்தான் கசிந்து வந்துகொண்டிருந்தது. ‘நிர்வாகச் செலவு’ என்ற சொல்லைப் பாருங்கள். கேட்டதும் ஏதோ வீண் போலத் தோன்றுகிறது. எங்கள் நோட்டில் வாடகையையும் கரண்ட்டையும் கணக்கு எழுதுகிறவளின் நேரத்தையும் அந்தச் சொல்லுக்குள்தான் தள்ள வேண்டும். கூடம் என்பதே அதுதானே?

*

அடுத்த கூட்டத்தில் நான் நோட்டை நடுவில் வைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்போம் என்றேன். இதை நாம் நிறுத்தினால் வேறு யாராவது செய்வார்களா?

ஆண்டு விழா: செய்வார்கள். ரோட்டரியோ கல்லூரியோ கோவில் கமிட்டியோ யாராவது விழா எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நிறுத்தினோம். அதுதான் எங்கள் பெரிய செலவு. எல்லோருக்கும் பிடித்ததும் அதுதான். விழா இல்லாவிட்டால் யாருக்கு நம்மைத் தெரியும் என்று ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். இன்னும் அவர் முழுசாகத் திரும்பி வரவில்லை. பையன்களின் சனிக்கிழமை வகுப்பு: வாத்தியாரின் ஜமாவே அவர்களைச் சேர்த்துக்கொள்ளும். அதை அவர் ஊரிலேயே நடத்தச் சொன்னோம். ஞாயிறு வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகள், புதன்கிழமைப் பெண்கள்: வேறு யாரும் செய்ய மாட்டார்கள். இருக்கும் காசெல்லாம் இனி அதற்கு. மாடியில் பாதியை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். வாடகை பாதியானது. பாக்கி இன்னும் இருக்கிறது.

மூத்தவர் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “அப்ப குருகுலம் பண்ணுன வேலையில ஒரு துண்ட நாம வெச்சிக்கினு இருக்கறோம்னு சொல்ற” என்றார். நான் அவ்வளவு பெரிதாகச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

போன பங்குனியில் பக்கத்து ஊர்க் கோவில் ஒன்றில், ஜமா ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எங்கள் பெண் பிள்ளைகள் ஆட ஊர்க்காரர்கள் சம்மதித்தார்கள். சுலபமாக அல்ல. “பொம்பளப் புள்ளைங்க கட்ட கட்டலாமா?” என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளை துரியோதனன் வேஷம் கட்டியது. பாதியில் அடவு தப்பியது. கட்டியங்காரன் வேஷத்தில் இருந்த ஜமாக்காரர் ஏதோ கிண்டல் அடித்துச் சமாளித்துக் கொடுத்தார். முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு ஊர் சார்பில் ஆயிரத்து ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்தார்கள். ஆட்டோ செலவுக்கே பத்தவில்லை.

வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சந்தாவும் நன்கொடையும் தவிர வேறு எதுவும் இதுவரை அந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. என்ன தலைப்பு போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘கூத்துக் கூலி’ என்று போட்டேன்.